குழந்தையைப் படம் எடுக்க ரிங் லைட் வாங்கலாமா?

கேள்வி: 6 ஏப்ரல் 2024, காலை 8:15

என் மகளுக்கு இரண்டேகால் வயது. வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில், முதல் மாடி. கேமரா இல்லை, போன்தான். நேரில் அவ்வளவு அழகாகச் சிரிக்கிறாள். படத்தில் முகம் சப்பையாக வருகிறது, கை கால் எல்லாம் இழுத்துக்கொண்டு மங்கலாக இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ரிங் லைட்டா, குடை வைத்த லைட்டா, எது வாங்கலாம்? ஃப்ளாஷ் போட்டால் குழந்தையின் கண் கெட்டுவிடும் என்கிறார் என் மாமியார். அது உண்மையா?

6 ஏப்ரல் 2024, இரவு 9:40

எதுவும் வாங்காதீர்கள் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருந்து, எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு என்ன வெளிச்சம் வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. விரல்களை மடக்கி, கையை முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விரல் முட்டிகளின் நிழலைக் கவனியுங்கள். நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருந்தால் அந்த இடம் வேண்டாம். நிழல் மெல்லக் கரைந்து, முட்டிகள் ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு தெரிந்தால் அதுதான் இடம். அங்கே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

முகம் சப்பையாக வருவதற்குக் காரணம், கேமரா இருக்கும் பக்கத்திலிருந்தே வெளிச்சமும் வருவது. மூக்குக்கு நிழல் இல்லை, கன்னத்துக்கு நிழல் இல்லை. அப்புறம் எப்படி முகத்துக்கு உருவம் வரும்? ரிங் லைட் செய்வதும் அதையேதான், இன்னும் பளிச்சென்று. போதாததற்கு, குழந்தை விளையாட்டை விட்டுவிட்டு அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். நீங்கள் ஜன்னலை ஒட்டிய சுவரில் சாய்ந்து உட்காருங்கள்.

கை கால் இழுத்துக்கொண்டு வருவதற்குக் காரணம் ஷட்டர், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம். ராத்திரி டியூப்லைட்டில் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வெளிச்சம் போதாமல் போன் தானாகவே 1/25, 1/30 வினாடிக்கு இறங்கிவிடும். உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கே 1/125 வேண்டும். ஓடுகிற குழந்தைக்கு 1/250க்குக் கீழே போகவே கூடாது. நைட் மோட் என்று ஒன்று இருக்கிறதே, அது பொம்மைக்குச் சரி, குழந்தைக்கு ஆகாது.

இன்னொன்று. 'இங்க வா, இங்க நில்லு, மாமாவைப் பாரு' என்று கூப்பிட்டால் அந்த முகம் போய்விடும். குழந்தையை வெளிச்சத்துக்குக் கூப்பிடாதீர்கள். விளையாட்டைக் கொண்டுபோய் வெளிச்சத்தில் வையுங்கள். சாக்பீஸ் கோட்டின் மேல் ஒரு பாய், அதன் மேல் நாலு பாத்திரம், ஒரு கரண்டி. பத்து நிமிடத்தில் தானாக வந்து உட்காரும்.

ஜன்னலிலிருந்து இரண்டடிக்குள் பாயை விரியுங்கள். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும்.

7 ஏப்ரல் 2024, காலை 6:50

ஃப்ளாஷ் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். சாதாரண கேமரா ஃப்ளாஷால் குழந்தையின் கண் கெடாது. மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் கேமராவுக்கு மேலேயே இருக்கும் ஃப்ளாஷ் படத்தைக் கெடுக்கும். அதனால் நானும் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன், காரணம் வேறு.

ஃப்ளாஷ் படத்தைப் பற்றி ஒவ்வொரு அப்பா அம்மாவும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஃப்ளாஷில் கண்மணி சிவப்பாக வருவது இயல்பு. உள்ளே இருக்கும் ரத்த ஓட்டத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அது. ஒரு கண் சிவப்பாக, மற்றது வெள்ளையாகவோ வெளிறிய மஞ்சளாகவோ, அதுவும் பல படங்களில் அப்படியே வந்தால், தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஒளி பட்ட கோணத்தால்கூட அப்படி வரும். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்கும், குழந்தைக் கண்புரைக்கும் இது ஓர் அடையாளம். சீக்கிரம் பார்த்தால் காப்பாற்றலாம். போன் இப்போதெல்லாம் சிவப்புக் கண்ணைத் தானாகவே திருத்திவிடுகிறது. அந்த அமைப்பை நிறுத்தி வைப்பது நல்லது என்பது என் கருத்து.

8 ஏப்ரல் 2024, மாலை 5:20

வெயில் நேராக உள்ளே விழுந்தால் ஜன்னல் கம்பியின் நிழல் முகத்தில் கோடு கோடாக விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடிக்கயிற்றில் போட்டு ஜன்னலுக்குள் பக்கம் கட்டுங்கள். பழைய வேட்டி, பலமுறை துவைத்து நைந்தது. புதிதில் கஞ்சி இருக்கும், அவ்வளவு ஒளி விடாது. சரிகைக் கரை வேண்டாம்.

14 ஏப்ரல் 2024, இரவு 10:30

வருடப்பிறப்புக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கடலூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், ஆனால் வீடே வேறு. புதுச்சேரித் தமிழர் தெருக்களில் மிச்சமிருக்கும் பழைய வீடு. வாசலில் தாழ்வாரம், திண்ணை, உள்ளே நடை தாண்டினால் நடுவில் முற்றம், சுற்றி மரத்தூண்கள். வாடகை வீடுதான். அதை விட்டுவிடாதே என்று அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சின்னவனுக்கு மூன்று வயது. முற்றத்தை ஒட்டிய கூடத்தின் விளிம்பில் உட்கார்ந்து, பித்தளைச் சொம்பு ஒன்றில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். போடுவான், காதை வைத்துக் கேட்பான், அடுத்ததை எடுப்பான். மணி பத்தரை இருக்கும். முற்றத்தின் எதிர்ச்சுவரில் வெயில் விழுந்து, அந்தச் சுண்ணாம்புச் சுவரே விளக்காக மாறியிருந்தது. மேலே வானம். குனியும்போது முகம் இருண்டுவிடும் என்று நினைத்தேன். ஆனால் சொம்பின் வாயிலிருந்து மஞ்சளாக ஒரு கீற்று எழும்பி, தாடைக்கும் கீழுதட்டுக்கும் இடையே விழுந்தது. நான் எதையும் நகர்த்தவில்லை. பக்கத்துத் தூணில் சாய்ந்து நாற்பது படம் எடுத்தேன். அவன் ஒருமுறை நிமிர்ந்து, 'மாமா, இன்னும் ஆறு கொட்டை இருக்கு' என்றான். நிமிர்ந்த அந்த ஒரு படம்தான் நின்றது. இரண்டு கண்ணிலும் முற்றத்தின் வானம் சதுரமாக இருக்கிறது.

இந்த முற்றத்து ஒளியைச் செயற்கையாக உண்டாக்கியவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ராயின் 1956ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் போட்டார்கள். முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியின் மேல் அடித்து, வானத்திலிருந்து இறங்குவதுபோல ஒளியைத் திரும்ப வரவைத்தார். இன்று நம் ஊர்ப் படப்பிடிப்பில் தெர்மகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அதற்கும் இதற்கும் ஒரே கணக்குதான். விளக்கு சின்னது, துணி பெரியது. குழந்தைக்கு வேண்டியது பெரியது.

15 ஏப்ரல் 2024, காலை 7:10

'முற்றம் உள்ளவர்களுக்குச் சரி, நாங்கள் மாடி வீட்டுக்காரர்கள்' என்று விழுப்புரம் நண்பர் கேட்கிறார். நியாயம்தான். உங்கள் வீட்டில் வாசற்படி இருக்கிறது அல்லவா? கதவை முழுக்கத் திறந்தால் அது ஏழடி உயர ஜன்னல். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, குழந்தை நிலைப்படியிலிருந்து ஒரு முழம் உள்ளே, வெளியே பார்த்து உட்காரட்டும். தெருவில் நாய் போகும், ஐஸ் வண்டி போகும், முகம் தானாக மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் படியில் இறங்கி, ஓரமாக உட்கார்ந்து எடுங்கள். குழந்தையின் கண் உயரத்துக்கு இறங்காமல் எந்த விளக்கும் உதவாது.

15 ஏப்ரல் 2024, காலை 7:25

உள்ளே விளக்கை அணைக்கச் சொன்னது ஏன் என்று உடனே கேள்வி வந்துவிட்டது. வானத்து ஒளி நீலம், பழைய குண்டு பல்பு மஞ்சள், டியூப்லைட் லேசான பச்சை. ஒரே முகத்தில் இரண்டு நிறம் விழுந்தால் போன் எதைத் திருத்தும்? ஒரு கன்னத்தைச் சரி செய்தால் மறு கன்னம் காமாலை வந்ததுபோல ஆகிவிடும். ஒரே ஒரு ஒளி. அது குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

21 ஏப்ரல் 2024, மதியம் 2:00

இன்று 12:10 வாக்கில் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டுவைத்துப் பார்த்தேன். நிழல் குச்சியின் காலடியிலேயே அடங்கிவிட்டது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும், சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும்.

குச்சிக்கு நிழல் இல்லை, ஆனால் முகத்துக்கு உண்டு. புருவத்தின் நிழல் கண் குழிக்குள், மூக்கின் நிழல் மேலுதட்டின் மேல். சித்திரை, வைகாசியில் பத்தரையிலிருந்து மூன்றரை வரை வெட்டவெளியில் குழந்தையை நிறுத்தாதீர்கள். படம் கெடுவது இருக்கட்டும், குழந்தை என்ன பாடுபடும்? பள்ளி விழாக்களில் இந்த நேரத்தில்தான் எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கண்ணைத் திற, திற என்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தாலே எனக்குக் கண் எரிகிறது.

5 மே 2024, இரவு 8:45

கடற்கரையில் எடுப்பதென்றால் காலை ஆறு மணிக்குப் போங்கள் என்று இங்கே ஒருவருக்கு முன்பு சொல்லியிருந்தேன். அதை மாற்றிக்கொள்கிறேன்.

நம்முடைய கரையில் கடல் கிழக்கே. காலையில் சூரியன் கடலுக்கு மேலே. குழந்தை கடலைப் பார்த்தால் கண் கூசும், நம்மைப் பார்த்தால் முகம் இருட்டு. சூரியன் எழும்புவதற்கு முந்தைய இருபது நிமிடம் அருமையாக இருக்கும்தான், ஆனால் எந்தக் குழந்தை அப்போது சிரிக்கும்? என் தங்கை மகள் அந்த நேரத்தில் என் தோளில் தூங்கிக்கொண்டுதான் கடலுக்கு வருவாள்.

மாலையைப் பாருங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும். ஐந்து மணிக்கெல்லாம் நடைபாதை முழுக்க நிழல். ஆனால் கடலுக்கு மேலே இருக்கும் வானம் இன்னும் வெளிச்சமாகவே இருக்கிறது, எல்லையே இல்லாமல். குழந்தை கடலைப் பார்த்து நின்றால் அந்த வானம் முழுக்க அதன் முகத்துக்கு விளக்கு. அதைவிடப் பெரிய விளக்கை எந்தக் கடையில் வாங்க முடியும்? ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், பிள்ளைகளைச் சாலையிலேயே ஓடவிடலாம். நீங்கள் கடல் பக்கமாக, கருங்கல்லுக்கு முன்னால் இருக்கும் சுவரை ஒட்டி நில்லுங்கள், குழந்தை உங்களை நோக்கி ஓடிவரட்டும். ஒளி முன்னாலிருந்தே வந்தாலும் முகம் சப்பையாகாது, அவ்வளவு அகலமான வானம் பக்கத்திலும் மேலேயும் சுற்றிக்கொண்டு வரும்.

கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரையிலும் இதே கதைதான். அங்கே கூடுதலாக மணல் கீழிருந்து ஒளியைத் திருப்பிக் கொடுக்கும், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பு போய்விடும். ஐந்தரைக்கு மேல் ஆறேகால் வரை.

6 மே 2024, காலை 9:00

மஞ்சள் சுவர்! அதைச் சொல்லவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த வெள்ளை நகரத்துத் தெருக்களில் எல்லாரும் அந்தக் கடுகு மஞ்சள் சுவரில் பிள்ளைகளைச் சாய்த்து எடுக்கிறார்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி தாடையிலும் காதிலும் மஞ்சள் பூசிவிடும். சுவர் வேண்டும் என்றால் குழந்தையை நாலடி முன்னால் கொண்டுவாருங்கள். இல்லை, பாரதி பூங்காவுக்குப் போங்கள், ஆயி மண்டபம் வெள்ளை. அதன் வெயில் விழும் பக்கத்துக்கு எதிரே நிழலில் நிறுத்திப் பாருங்கள்.

மாடியில் பச்சை வலை கட்டியவர்களுக்கும், வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டியவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

16 ஜூன் 2024, மாலை 4:30

ஏப்ரல் 6 அன்று நான் எழுதியதில் ஒரு தவறு. தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசி என்றேன். அது சின்ன பல்புக்குப் பொருந்தும், மெழுகுவத்திக்குப் பொருந்தும். ஜன்னலுக்கு அப்படியே பொருந்தாது என்று நெய்வேலி நண்பர் சுட்டிக்காட்டினார். இன்று மழை மேகம், வெளிச்சம் மாறாமல் நின்றது. மூன்றடிக்கு நாலடி ஜன்னல். ஒரு வெள்ளைத் தட்டை முக்காலியில் வைத்து, போனில் எல்லாவற்றையும் நாமே வைக்கும் ப்ரோ மோடில், ஐ.எஸ்.ஓ. என்ற ஒளி உணர்திறனை மாற்றாமல் அளந்தேன். தட்டு ஒரே அளவு வெளிச்சமாக வருவதற்கு வேண்டிய ஷட்டர், இரண்டடியில் 1/250. நாலடியில் 1/100. எட்டடியில் 1/30.

அதாவது ஜன்னலுக்கு மிக அருகில் இருக்கும்போது இறக்கம் மெதுவாக இருக்கிறது. ஜன்னல் நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் வரை அது ஒரு புள்ளியாக நடந்துகொள்வதில்லை. தள்ளிப்போகப் போகத்தான் கால்வாசிக் கணக்கை நெருங்குகிறது. நெய்வேலி நண்பர் சொன்னது சரி. குழந்தைக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. ஜன்னலை ஒட்டி விளையாடும்போது அரையடி முன்னே பின்னே நகர்ந்தாலும் வெளிச்சம் அவ்வளவாக மாறாது. பாயை இரண்டடிக்குள் விரிக்கச் சொன்னது சரியே, சொன்ன காரணம்தான் பாதி தப்பு.

30 ஜூன் 2024, இரவு 11:15

ஒருவர் தன் பிள்ளையின் படத்தைப் போட்டு, 'கறுப்பாக வருகிறான், எந்த லைட்டில் எடுத்தால் வெள்ளையாக வருவான்' என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாளாக இதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இருபதுகளில் நான் ஒரு ஸ்டூடியோவில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் மாவட்டத்துக்குள்தான், ஊர் வேண்டாம். குழந்தைப் படம் எது வந்தாலும் முகத்தை இரண்டு படி வெளுப்பாக ஏற்று என்பார் முதலாளி. வாடிக்கையாளருக்கு அதுதான் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. ஒருநாள் ஓர் அம்மா வந்தார், மீன் விற்கிறவர், கையில் ஈரம் காயவில்லை. கவரைப் பிரித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'சார், இது எம் பொண்ணு மாதிரி இல்லியே' என்றார். சண்டை போடவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். அந்தச் சிறுமிக்கு நாலு வயது. காதோரம் ஒரு சின்னத் தழும்பு. அதையும் நான் அழித்திருந்தேன். வேறு யாரும் இல்லை, என் கைதான் செய்தது.

கருவி மட்டும் நடுநிலையாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. கலர் பிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் இயந்திரத்தைச் சரிபார்க்கக் கோடாக் ஓர் அட்டை அனுப்பும். ஷெர்லி அட்டை என்று பெயர். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். பல நிறத்துப் பெண்கள் இருக்கும் அட்டை வந்தது 1990களில்தான். அதுவரை உலகம் முழுக்க எல்லார் முகத்தையும் அந்த ஒரு முகத்துக்கு ஒத்துப்போகும்படிதான் பார்த்தார்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போனில் ப்யூட்டி என்று இருக்கும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். சுவரைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், முகம் உள்ளதைவிட இருண்டுபோகும். மரக்கதவு, செங்கல், துளசிமாடம், இவை பின்னால் இருக்கட்டும். போன் திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டு வெளிச்சத்தை அங்கே நிறுத்துங்கள். கறுத்த தோலில் உருவம் தெரிவது மினுமினுப்பில்தான். கன்னமேடு, நெற்றி, மூக்கின் தண்டு, இங்கெல்லாம் வானத்தின் பிரதிபலிப்பு நீளமாக ஓட வேண்டும். அதற்குப் பக்கவாட்டிலிருந்து பெரிய ஜன்னல் வேண்டும். அப்படி எடுத்துப் பாருங்கள். உங்கள் பிள்ளை எவ்வளவு அழகு என்று உங்களுக்கே தெரியும். அந்த நிறம் மாறவே வேண்டாம்.

1 ஜூலை 2024, காலை 6:30

ராத்திரி எழுதியதில் ஒரு வரியும் மாற்ற மாட்டேன்.

14 ஜூலை 2024, இரவு 9:00

மொட்டை போட்ட குழந்தைகளுக்கு. சின்னவனுக்குத் திருவந்திபுரத்தில் மொட்டை. தலையில் வெயில் விழுந்து ஒரு வெள்ளை வட்டம் எரிந்தது, கண் அங்கேயே போனது. சந்தனம் பூசிய பிறகு அந்த வட்டம் போய்விட்டது. சந்தனம் மினுக்கத்தை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே மொட்டை போட்ட அன்றைக்கு, சந்தனம் காய்வதற்குள் அல்ல, காய்ந்த பிறகு எடுங்கள்.

பாட்டிகள் பூசும் பவுடர் நேர்மாறு. ஜன்னல் ஒளியில் தெரியாது. ஃப்ளாஷில் கழுத்து மடிப்பில் திட்டுத் திட்டாகச் சுண்ணாம்புபோல எழும்பும். ஒரு மெல்லிய ஈரத்துணியால் கழுத்தை மட்டும் ஒற்றிவிடுங்கள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அழிக்க வேண்டாம். இருபது வருடம் கழித்து எல்லாரும் தேடப்போவது அந்தப் பொட்டைத்தான்.

18 ஆகஸ்ட் 2024, இரவு 10:20

எதுவும் வாங்காதீர்கள் என்றேன். ஒரு விதிவிலக்கு.

தங்கை மகளுக்குப் பிறந்தநாள். மாலை ஏழரை, வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானா, உள்ளே எல்.இ.டி. பல்புகள். சாமியானாவுக்குக் கீழே எடுத்த படம் ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் ஆரஞ்சுப் பழம்போல இருந்தார்கள். உள்ளே போனால் படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, 1/250இல் ஷட்டருக்குத் தெரியும். டியூப்லைட்டிலும் மலிவு எல்.இ.டி.யிலும் 1/100 அல்லது 1/50 வையுங்கள், பட்டை போய்விடும். ஆனால் 1/100இல் குதிக்கும் குழந்தை நிற்காது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

அப்போது பழைய ஃப்ளாஷ் ஒன்றை எடுத்து என் கேமராவில் மாட்டினேன். தலையைத் திருப்பக்கூடிய வகை. குழந்தையை நோக்கி அல்ல, எனக்குப் பக்கவாட்டில் கூரையும் வெள்ளைச் சுவரும் சேரும் மூலையைப் பார்த்து. அந்த மூலையே ஜன்னலாகிவிட்டது. முத்தியால்பேட்டைத் தம்பி என்றைக்காவது கேமரா வாங்கினால், பழைய ஃப்ளாஷ் ஒன்றுக்கு மட்டும் பணம் செலவழிக்கலாம். நேர் மேலே அடித்தால் கண் குழி இருண்டுவிடும், சாய்த்து அடிக்க வேண்டும். ஃபேன் ஓடினால் றெக்கை நடுவே வந்து ஒரு படம் வெளிச்சம், ஒரு படம் இருட்டு என்று வரும். ஃபேனை நிறுத்தினால் கேக் வெட்டும் கூட்டமே வேர்த்துக் கொட்டும். அதனால்தான் ஃபேனை விட்டு மூலைக்குப் போனேன். கூரை வெளிர்பச்சையாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

கேக்கில் மெழுகுவத்தி எரியும் அந்த அரை நிமிடம் மட்டும் ஃப்ளாஷை நிறுத்திவிடுங்கள்.

19 ஆகஸ்ட் 2024, மாலை 6:00

பழைய காலத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் என்ன செய்தார்கள் என்று கேட்டவருக்கு: ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஒருவர், 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகள் கொடுத்த கேமராவில் தொடங்கி, இங்கிலாந்தில் தன் வீட்டுக் கோழிக்கூட்டையே கண்ணாடிக் கூடமாக மாற்றினார். பிள்ளைகளை நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவர் படத்துப் பிள்ளைகள் யாரும் சிரிப்பதில்லை, விளிம்புகள் கரைந்திருக்கும், ஆனால் ஒரு பக்கத்திலிருந்து வரும் அந்த ஒளி இன்றும் அப்படியே நிற்கிறது. கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து, 1879இல் அங்கேயே இறந்தார். நம் கரைக்கு எதிரே.

4 டிசம்பர் 2024, மாலை 5:40

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததிலிருந்து எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, இன்றுதான் வந்தது. எல்லாரும் நலம். தங்கை வீட்டு முற்றத்தில் முழங்கால் தண்ணீர். பிள்ளைகளைப் பரணில் ஏற்றி வைத்திருந்தாளாம். படம் எதுவும் எடுக்கவில்லை.

14 டிசம்பர் 2024, இரவு 9:30

நேற்று கார்த்திகை. தண்ணீர் வடிந்து, தரையைக் கழுவி, முற்றத்தைச் சுற்றி அகல் வைத்தார்கள். அகல் ஒளி ரொம்ப மஞ்சள், ரொம்பக் குறைவு. போன் அதை வெள்ளையாக்கப் பார்க்கும். நிறத்தைத் திருத்தும் வைட் பேலன்ஸ் அமைப்பை வெயில் என்று வைத்து நிறுத்தினால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். ஒரு அகல் போதாது. ஏழெட்டை நெருக்கி ஒரு தாம்பாளத்தில் வையுங்கள். அப்போதுதான் அது ஒரு புள்ளியாக இல்லாமல் கொஞ்சம் அகலமான விளக்காகும். தாம்பாளத்துப் பித்தளை இன்னும் கொஞ்சம் ஒளி தரும். குழந்தை பெரியவர் மடியில், பருத்தி உடையில், தாம்பாளம் கைக்கு எட்டாத தூரத்தில். பாவாடையை முட்டிக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1/60தான் கிடைக்கும், ஆகவே ஓட்டத்தில் கிடைக்காது. அகலைப் பார்த்துப் பிள்ளைகள் தாமாகவே ஒரு கணம் மூச்சைப் பிடிப்பார்கள் இல்லையா, அதுதான் நேரம்.

சின்னவன் இந்த முறை எண்ணிக்கொண்டிருந்தது அகலை. இருபத்தேழு.

22 டிசம்பர் 2024, காலை 10:10

முத்தியால்பேட்டைத் தம்பி அனுப்பிய படம் பார்த்தேன். நிலைப்படிக்கு உள்ளே பாய், பாயில் இட்லித் தட்டு, இட்லிக் குழி ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள் பாப்பா. கண்ணில் வாசல் தெரிகிறது. புருவ மயிர் ஒவ்வொன்றும் தெரிகிறது. கை அசையவில்லை. ஐயாயிரம் அப்படியே இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

இடது கன்னத்தில் லேசாகப் பச்சை ஏறியிருக்கிறது, பார்த்தீர்களா? பக்கத்து ஜன்னலில் பச்சைத் திரை இருக்க வேண்டும். அதை மட்டும் கழற்றிவிட்டு, நாளைக் காலை ஒன்பதரைக்கு இன்னொரு முறை எடுங்கள். இட்லித் தட்டு அப்படியே இருக்கட்டும்.